கேக்குதுங்களா

மருந்து கேக்குதுங்களா என்கிறார்
மேட்டூர் ரோட்டு மருந்துக்கடைக்காரர்
அட்டையைக் கத்தரித்துக்கொண்டே.
கழிவு போக எண்ணூற்றுப் பன்னிரண்டு.
பார்க்கலாமுங்க என்கிறேன்.
பதினோரு மாதமாக இதே பதில்.

காலையில் நாலு, ராத்திரி மூணு.
பிரஷருக்கு, சர்க்கரைக்கு, கொழுப்புக்கு,
ரத்தம் உறையாதிருக்க ஒன்று.
அப்புறம் அந்த வெள்ளை மாத்திரை, ஞாபகத்துக்கு.
தட்டைப்பயிறு அளவுகூட இல்லை.
முப்பத்தெட்டு வருசம் இதற்குள் எப்படி அடங்குமென்று
முதல் நாள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைச்
சன்னல் வெளிச்சத்தில் பிடித்து
இங்கே, இங்கே, இங்கேயும் என்றார்.
எனக்கு விளங்கியது.
கீழ்பவானி வாய்க்காலில் முப்பது வருசம் லஸ்கர் நான்.
மடை அடைத்துக்கொண்டால்
கடைமடைக் காடு என்னாகும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
காஞ்சது பொழைக்குமுங்களா என்றேன்.
காஞ்சது காஞ்சதுதாங்க.
மிச்சத்தைக் காயாம பாத்துக்கலாம்.
பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க.
வெள்ளை?
சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது.

பிறகு சம்பூரணத்திடம் திரும்பி
நூறில் ஏழு கழிங்கம்மா என்றார்.
மஞ்சள் மண்டியில் இருபத்தாறு வருசம்
கணக்கெழுதியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்:
விரலியா, கிழங்கா?

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
தெளிந்த நாளுக்குச் சரி. கலங்கிய நாளுக்குப் பெருக்கல்.
முதல் வாரம் வயிறு போனது. பெருக்கல்.
கெட்ட கனாக் கண்டு அலறினாள். பெருக்கல்.
குளித்து, தானே பின்னல் போட்டாள். சரி.
பால்காரருக்குப் போன மாத பாக்கியை
இரண்டு முறை கொடுத்தாள்.
அவர் ஒரு முறையைத் திருப்பிக் கொடுத்தார். பெருக்கல்,
அவருக்கு ஒரு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை
குளித்துவிட்டு வந்த என்னை
வாங்க, உக்காருங்க என்றாள்,
ஒறம்பரைக்குச் சொல்வது போல.
காப்பி வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.
எந்தூருங்க?
கொடிவேரிப் பக்கமுங்க.
அட, என்னையக் கட்டிக் குடுத்ததும் அங்கதானுங்க.
அவரு எப்படிங்க என்றேன்,
கேட்டிருக்கக் கூடாது.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
கோவம் வரும். ஆனா ராத்திரி வாய்க்காலுக்குப் போனா
திரும்பி வார வரைக்கும்
எனக்குத் தூக்கம் வராதுங்க.
அந்த நாளுக்கு என்ன போடுவது?
பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாதம் முடிந்து ஒரு வியாழக்கிழமை,
மாமா என்று கூப்பிட்டாள்.
கையில் நோட்டு.
பதினொண்ணும் பத்தொம்பதும் முப்பது.
முப்பத்தொண்ணுன்னு எழுதி வெச்சிருக்கீங்க.
ஒரு நாளு எங்கீங்க மாமா?

சிவப்புப் பேனா எடுத்து அடித்துத் திருத்தினாள்.
கீழே இரண்டு கோடு. ஓரத்தில் ச. என்று சுழித்தாள்.
என் முழங்கால் வலியை விசாரித்தாள்.
ரசத்துக்குப் பெருங்காயம் மறக்கவில்லை.
பொழுதோட ஓசூருக்கு ஃபோன் போட்டு
மருந்து கேட்டிருச்சுடா என்று கத்தினேன்.
மகன் அழுதானோ, சிக்னல் விட்டதோ.

ராத்திரி மாத்திரைப் பெட்டியைத் திறந்தபோது
வெள்ளை இல்லை.
வெள்ளிக்கு இல்லை, சனிக்கு இல்லை.
ஞாயிற்றுக்கிழமை நிரப்பும்போது
அந்த அட்டையை எடுக்கவே மறந்திருக்கிறேன்.
காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது,
முழுசாக.
ஐந்து நாள்.

மறந்தது நான். தெளிந்தது அவள்.
கொடுக்காததாலா?
அதுவரை கொடுத்ததாலா?
அல்லது தண்ணீருக்கும் ஒரு மனசு உண்டு,
முறை இல்லாத நாளில்
யாரும் திறக்காமல் கடைமடை வரை வந்துவிட்டுப் போகுமே,
அப்படியா?
டாக்டரம்மாவிடம் எல்லாம் சொல்ல வேண்டும்,
நான் மறந்ததையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை காலை
நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்து
இது ஆரு கையெழுத்துங்க என்றாள்,
நல்லா இருக்குதே.